நூல்கண்டுக்குக் கிடைத்த மரியாதை

எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள். ஒன்றில் நான், இன்னொன்றில் என் ஓர்ப்படி. நான் எதைச் சொன்னாலும் அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

"சட்டைக் கை தோள்ல சுருங்குதுன்னா, இணைக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஓட்டுத்தையல் போட்டுக்கோ," என்றேன்.

"நீங்க சும்மா இருங்கக்கா. குரூப்ல நூல்கண்டுகிட்டயே கேட்டுக்கறேன்."

நூல்கண்டு என்பது போனில் இருக்கும் எங்கள் தையல்காரர் குழுவில் எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும் ஆள். பெயர் கிடையாது, முகம் கிடையாது, ஒரு நூல்கண்டின் படம் மட்டும். அது நான்தான். ஆரம்பத்தில் கூச்சப்பட்டு மறைந்துகொண்டேன். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. இருபது வருஷம் மெஷின் மிதித்தவள் நான். பேர் வாங்கிக்கொண்டு போகிறவள் அந்த நூல்கண்டு.

அன்று பொறுக்க மாட்டாமல், ஓர்ப்படி குழுவில் போட்ட கேள்விக்கு என் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு, அவளிடம் சொன்ன அதே பதிலை எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதினாறு பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே பாட்டு: "இது சரியா? நூல்கண்டு வந்து சொல்லட்டும்."

போனை மடியில் மறைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நூல்கண்டாக உள்ளே போய் எழுதினேன்: "இவங்க சொல்றது சரி."

பக்கத்து மெஷின் நின்றது. ஓர்ப்படி போனிலிருந்து நிமிர்ந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"எவ்வளவு பெரிய மனசு பாருங்கக்கா அவங்களுக்கு. உங்களைக்கூட சரின்னு சொல்லிட்டாங்க."