வரப்பு தாண்டிய புழு

மோட்டாரைப் போட்டுவிட்டு வாய்க்காலைத் திருப்ப வந்த அண்ணன்காரர் வரப்பிலேயே நின்றுவிட்டார். தம்பியின் மக்காச்சோள இலைகள் சல்லடையாகக் கிடந்தன. எட்டி ஒரு குருத்தை விரித்தார். மரத்தூள் போல எச்சம், நடுவே படைப்புழு. சின்னச் சாம்பல்நிற அந்துப்பூச்சி முட்டையிட்டுப் போனதன் பலன். இப்போதே குருத்துக்குள் மருந்து விட்டால் பயிர் பிழைக்கும். புழு பருத்துவிட்டால் எதுவும் எட்டாது.

கிணற்றுத் தகராறில் இரு குடும்பத்துக்கும் பேச்சு நின்று வெகுகாலம். தம்பி லாரி ஓட்டப் போனால் எப்போதாவதுதான் வருவான். வயல் அவன் மனைவியின் பொறுப்பு. மக்காச்சோளம் அவளுக்குப் புதுசு. களை வெட்டிக்கொண்டிருந்தவள், கணவனின் அண்ணன் குருத்தை விரித்துப் பார்ப்பதைக் கவனித்தாள். என்னவென்று கேட்க நாக்கு வரை வந்தது. 'அவர்கிட்டப் போய் நிக்கணுமா?' என்று குனிந்துகொண்டாள்.

வீட்டில் அண்ணனின் மனைவி சொல்லிப் பார்த்தாள். "கோபம் தம்பி மேலதானே? பயிர் என்ன பண்ணுச்சு? ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

"கிணத்துல பங்கு கேட்கத் தெரிஞ்சவனுக்குப் புழுவைப் பார்க்கத் தெரியாதா? படட்டும்."

தன் வயல் மக்காச்சோளத்துக்கு மட்டும் மருந்தடித்தார். அந்தப் பக்கத்துப் புழுக்கள் தின்று கொழுத்து, மண்ணுக்குள் கூடாகி, பூச்சியாகக் கிளம்பி வரப்பைத் தாண்டின. இந்தப் பக்கம் கதிர் பிடிக்கும் நேரம். அவர் திரும்பத் திரும்ப மருந்தடித்தார். கதிரை உரித்தால் மணி இருக்க வேண்டிய இடத்தில் புழு நெளிந்தது. இரண்டு வயலிலும் மாட்டுக்குப் போடக்கூடத் தேறவில்லை.

தம்பி வீட்டு வாசலில் வண்டியில் சாமான் ஏறுவதாகக் கேள்விப்பட்டு ஓடினார்.

"பார்த்தும் சொல்லாம விட்டுட்டேன்மா," என்றார் தம்பி மனைவியிடம்.

"நீங்க குருத்தை விரிச்சுப் பார்த்ததை நானும் பார்த்தேன் மாமா. கேட்காம வீம்பு புடிச்சேன்." அவள் பாத்திர மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"போகாதடா," என்று தம்பி பக்கம் திரும்பினார். "அடுத்த போகம் சேர்ந்தே பார்த்துக்கலாம்."

"கடனுக்கு நிலம் கைமாறிடுச்சுண்ணே. எந்தப் போகத்தைப் பார்க்கறது?" தம்பி கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான். பிறகுதான் அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

"வரப்பு நமக்குத்தான். பூச்சிக்கு ஏதுண்ணே வரப்பு? பக்கத்து வயல் புழுவைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டா, அதை நம்ம வயலுக்கு நாமே வான்னு கூப்பிட்ட மாதிரிதான்."