மூலைத்துண்டு

அம்மாவுக்குப் பிடித்த மஞ்சள் நிறத்தில் வெர்னிட்டா புதிதாக ஓர் உடை வாங்கியிருந்தாள். வாரம் முழுக்கப் புகையிலைத் தூசியில் நின்று பழுப்பேறிப்போன மனுஷி, ஞாயிற்றுக்கிழமை மஞ்சளைத் தவிர வேறு நிறத்தைத் தொடமாட்டாள். இன்று அந்த அம்மாவுக்குத்தான் விழா. அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் அவர்கள் பேட்டை நூலகம் ஒவ்வொரு மார்ச் மாதமும் கறுப்பினப் பெண்களின் வரலாற்றைக் கொண்டாடும். இந்த வருடம் அதோடு காதல் நாவலையும் சேர்த்துக்கொண்டது. சேர்க்க வைத்தவள் ரோஷெல்.

ரோஷெலும் வெர்னிட்டாவும் பள்ளிக்கூடத்திலிருந்தே தோழிகள். ஒருத்தி பல் மருத்துவமனையில் வேலைக்குப் போனாள், மற்றவள் காதல் நாவல் எழுதப் போனாள். அந்த ஊர்ப் பெண்களின் கைப்பைகளில் சீப்பு இல்லாவிட்டாலும் ரோஷெலின் நாவல் ஒன்று இருக்கும். இப்போது வந்திருக்கும் நாவலின் பெயர் ‘ஐந்து மணிச் சங்கு’. அதன் நாயகி புகையிலை ஆலையில் இலைக்காம்பு கிள்ளும் எல்னோரா. வெர்னிட்டாவின் அம்மாவின் பெயரும் அதுதான், வேலையும் அதுதான். அம்மா படுக்கையில் கிடந்த கடைசிக் குளிர்காலத்தில் ரோஷெல் தினமும் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கதை கதையாகக் கேட்டு எழுதியதுதான் இந்த நாவல். ஆலை, சங்கு, மேஸ்திரி, காதலித்த ரயில் சிப்பந்தி எல்லாவற்றையும் வெர்னிட்டா மனசாரத் தூக்கிக் கொடுத்தாள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் அம்மாவின் பெயரைப் பார்த்து அழுதும் விட்டாள்.

“காலர் சரியா இருக்கா?” என்று கேட்டான் அவள் கணவன் ஆல்ட்டன். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். அந்தக் கூடத்தில் இருந்த பாதிப்பேர் அவன் வண்டியில் ஏறியவர்கள்.

“உன் காலரை யாரு பாக்கப் போறா? நான் பேசறப்போ போன்ல ஒழுங்காப் படம் பிடி. போன தடவை மாதிரி உன் கட்டை விரலைப் பிடிக்காத.”

“சரிங்க மேடம்” என்று அவன் சல்யூட் அடித்தான். முன்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள்.

கூடம் நிறையத் தொப்பிகள். எல்லாவற்றிலும் பெரியது ஆர்னெட்டாவுடையது, இறகு வைத்த ஊதா. எழுபது வயது, மூன்று கல்யாணம், வாசகர் வட்டத்தின் தலைவி. கையெழுத்து வாங்குவதற்காக ஐந்து பிரதிகளை மடியில் அடுக்கிவைத்திருந்தாள்.

“அம்மாவைப் பத்தி நல்லாப் பேசு, அழுது கெடுத்துடாத” என்றாள் வெர்னிட்டாவிடம். “முதல்ல ரோஷெல் படிக்கட்டும். நல்ல இடமாப் படிப்பான்னு நம்பறேன். மழையைப் பத்தி நாலு பக்கம் வாசிச்சான்னா எழுந்து கேக் திங்கப் போயிடுவேன்.”

ரோஷெல் நல்ல இடமாகத்தான் படித்தாள். ஆலை விட்டதும் எல்னோரா வெளியே வருகிறாள். முடியெல்லாம் தூசி, விரலெல்லாம் கறை. வாசலில் அவள் காதலன் மோசஸ் ரயில் சீருடையோடு நிற்கிறான். கையில் துணி சுற்றிய தட்டு, தேவாலய விருந்திலிருந்து அவளுக்காக எடுத்து வைத்தது. துணியை விலக்குகிறாள். சீஸ் போட்டு அடுப்பில் சுட்ட மக்ரோனி.

ரோஷெல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அடுத்த வரிகளைப் பார்க்காமலே சொன்னாள்.

“‘நடுத்துண்டு யாருக்கு வேணும்னாலும் கெடைக்கும், எல்னோரா. தட்டோட மூலையில, மேல முறுகலா உள்ள குழைவா இருக்கே, அதுக்குத்தான் எல்லாரும் அடிச்சுக்குவாங்க. எனக்கு அடிச்சுக்காமலே கெடைச்ச மூலைத்துண்டு நீ.’”

கூடம் அலறியது. விசிறிகள் படபடத்தன. “கர்த்தாவே!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆர்னெட்டா தொப்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டாள். “அடியே ரோஷெல், அந்த ஆளோட விலாசத்தைக் குடு! என் மூணு புருஷனும் எனக்குத் தட்டைக் கழுவத்தான் குடுத்தானுங்க!”

எல்லோரும் சிரிக்கிறார்களே என்று வெர்னிட்டாவும் வாயை விரித்தாள். சத்தம் வரவில்லை.

மூலைத்துண்டு அவள் பெயர். ஆல்ட்டனுடைய சித்தப்பா இறந்தபோது, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் துக்கச் சாப்பாட்டு வரிசையில், முன்பின் தெரியாத ஒருவன் தன் தட்டிலிருந்த மூலைத்துண்டை அவள் தட்டுக்கு மாற்றினான். அப்படித்தான் அவளும் ஆல்ட்டனும் சந்தித்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு, விளக்கை அணைத்ததும், காதோரமாக அவன் அப்படிக் கூப்பிடுவான். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. நடுத்துண்டு, முறுகல், குழைவு என்று அவன் சொல்கிற வரிசைகூட அதேதான்.

ரோஷெலிடம் அவள் சொல்லவே இல்லை. அது மறதியும் அல்ல. ரோஷெல் காதில் விழுந்தது எதுவும் அச்சுக்குப் போகாமல் இருந்ததில்லை. “இது கதைக்கு இல்லடீ” என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஆர்னெட்டா சொன்ன இரண்டாவது விவாகரத்து, பெயர் மட்டும் மாறி, அடுத்த வருடமே கடைக்கு வந்தது. பிரசவம், பிள்ளைகள், கடன், கருப்பை நீக்கியது எல்லாவற்றையும் ரோஷெலிடம் கொட்டிய வெர்னிட்டா, இந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்து வைத்திருந்தாள்.

ஆல்ட்டன்தான் வாய்தவறி உளறியிருப்பான். காரில் எங்கேயாவது போகும்போது வேடிக்கையாகச் சொல்லியிருப்பான். அவனைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் மேடையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்க, அவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேக்குக்கும் காப்பிக்கும் இடைவேளை விட்டார்கள். கூடத்துக்குப் பின்னால் காப்பி போடுகிற சின்ன அறை. ரோஷெல் அங்கே தனியாக நின்று உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வெர்னிட்டா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

“அந்த மூலைத்துண்டு எங்கேர்ந்து வந்துச்சு?”

“பிடிச்சிருந்துதா? கூட்டம் செத்துப்போச்சு, பாத்தியா!”

“எங்கேர்ந்துன்னு கேட்டேன்.”

ரோஷெல் வெட்கப்பட்டாள். அறுபதைத் தொடப்போகிற முகத்தில் பதினாறு வயது வந்து போனது. “ஒருத்தர் சொன்னது. யாருன்னு கேக்காதடீ. உனக்கு மட்டும்தான் வீடு, புருஷன், எல்லாமா? எனக்குன்னு ஒரு ரகசியம் இருக்கக் கூடாதா?”

“அது ஆல்ட்டன் என்னைக் கூப்பிடற பேரு.”

உதட்டுச் சாயம் பாதியில் நின்றது.

“உன்னையுமா?” என்றாள் ரோஷெல்.

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. கையால் வாயை மூடிக்கொண்டாள். வெர்னிட்டா அந்த ‘உம்’மைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மற்றதெல்லாம் அதற்குள் இருந்தது. இனி யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கேட்டாள்.

“எப்போ?”

“அது முடிஞ்சுபோச்சு, வெர்னி. எப்பவோ முடிஞ்சுபோச்சு.”

“எப்போ ஆரம்பிச்சுது?”

ரோஷெல் காப்பிப் பாத்திரத்தைப் பார்த்தாள்.

“அம்மா படுக்கையில இருந்தப்பவா?”

“அவன் என்னைக் கொண்டுபோய் விடுவான்ல… சில நாள் காருக்குள்ளயே உக்காந்து பேசிட்டிருப்போம். அவனுக்கும் பேச ஆள் இல்ல. நீ எப்பப் பாத்தாலும் அம்மா பக்கத்துலயே…”

அனுப்பிவைத்தவளே வெர்னிட்டாதான். “இருட்டிடுச்சு, பனி வேற கொட்டுது. ஆல்ட்டன், அவளை வீட்டுல விட்டுட்டு வா” என்று தினமும் சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தவள். அவன் வரத் தாமதமானால், பாவம், ரோட்டில் பனி என்று சூப்பைத் திரும்பச் சூடாக்கி வைத்தவள்.

“அது எனக்காக அவனா யோசிச்சுச் சொன்னதுன்னு நெனச்சேன்” என்றாள் ரோஷெல். அழத் தொடங்கியிருந்தாள். “சத்தியமா உன்னோடதுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுதியிருக்கவே மாட்டேன்.”

எழுதியதற்காக மன்னிப்புக் கேட்கிறாள். வெர்னிட்டாவுக்கு அடிக்கக்கூடத் தோன்றவில்லை. நாற்பது வருடமாக இவள் அழும்போதெல்லாம் கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்துக் கொடுத்த கை, இப்போதும் தானாகப் பைக்குள் போனது. அதை வெளியே இழுத்துக்கொண்டாள்.

நூலகப் பெண் கதவைத் தட்டினாள். “மேடம், எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க.”

மேடையில் ஏறியபோது, அம்மாவைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். இது அம்மாவின் நாள். அந்த இரண்டு பேரின் அழுக்கை இங்கே கொட்டக் கூடாது. ஆல்ட்டன் போனைத் தூக்கிப் பிடித்தான்.

அவள் பேசினாள். மேஸ்திரி கழிப்பறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டதைச் சொன்னாள். வயிற்றில் பிள்ளையோடு இருந்த ஒருத்தி நின்ற இடத்திலேயே நனைந்துபோனதையும், அதைப் பார்த்த எல்னோரா டன்னெகன் புகையிலைக் குவியல் மேல் ஏறி உட்கார்ந்து, “சாவி இங்க வந்தாத்தான் காம்பு அங்க வரும்” என்றதையும் சொன்னாள். ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். தூசிக்குள்ளிருந்து ஒரே குரலாகப் பாடினார்கள். மத்தியானத்துக்குள் சாவி வந்தது. “எந்தப் பாடப் புத்தகத்துலயும் இது கெடையாது. ஆனா அப்புறம் அந்தக் கதவு பூட்டினதே இல்ல” என்றாள். கூடம் எழுந்து நின்று கைதட்டியது. அழாமல் முடித்துவிட்டாள். இறங்க ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டாள்.

ஆர்னெட்டா கையைத் தூக்கினாள். “தங்கம், ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. அந்த மூலைத்துண்டு சொன்ன ஆளு நிஜமா? உங்கப்பாவா?”

வெர்னிட்டா பதில் சொல்வதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்த ரோஷெல் அவசரமாக இன்னொரு மைக்கை எடுத்தாள். “அய்யோ, இல்ல ஆர்னெட்டா. அது சும்மா என் கற்பனை.”

வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். புதுச் சாயம் பூசிய உதடு. கீழே ஆல்ட்டன் மூச்சு விட்டதை வெர்னிட்டா பார்த்தாள். தோள் இறங்கியது. தப்பித்துவிட்டவனின் தோள். இரண்டு பேரும் அவளை நம்பியிருந்தார்கள், அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று. அந்த அளவுக்கு அவளைத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

“கற்பனை இல்ல” என்றாள் வெர்னிட்டா. “அது என் வீட்டுக்காரர் சொல்றது. அதோ இருக்காரு. எழுந்திரு ஆல்ட்டன், எல்லாரும் பாக்கட்டும்.”

ஹோவென்று ஆரவாரம். “பஸ்காரருக்குள்ள இப்படி ஒரு ஆளா!” யாரோ சீட்டியடித்தார்கள். வேறு வழியில்லாமல் ஆல்ட்டன் பாதி எழுந்து, பேருந்து ஜன்னலிலிருந்து காட்டுவதுபோல் கையைக் காட்டினான்.

கைதட்டல் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“ராத்திரி, என் காதுல மட்டும் சொல்றது. இந்த உலகத்துல ஒருத்தர்கிட்டயும் நான் அதைச் சொன்னதில்ல. ரோஷெல்கிட்டயும் சொன்னதில்ல.”

அங்கே இருந்தவர்கள் ஆயுசுக்கும் காதல் நாவல் படித்தவர்கள். எந்தப் பக்கத்தில் ஆண் பொய் சொல்வான், எந்தப் பக்கத்தில் தோழி தலையைக் குனிவாள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சிரிப்பு முதலில் முன்வரிசையில் நின்றது. பிறகு நடுவில். கடைசியாகச் சீட்டியடித்தவளும் பக்கத்திலிருப்பவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். ஆல்ட்டன் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், தூக்கிய கையோடு இருந்தான்.

“கேட்டதுக்கு நன்றி” என்று மைக்கை வைத்துவிட்டு வெர்னிட்டா இறங்கினாள்.

நடைபாதையில் ஆல்ட்டன் குறுக்கே வந்தான். “வெர்னி, வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம். நான் சொல்றதைக் கேளு…”

“வழி விடுங்க தம்பி” என்றாள் ஆர்னெட்டா. அவள் எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. ஊதாத் தொப்பி இருவருக்கும் நடுவே சுவர் மாதிரி நின்றது. ஐந்து புத்தகங்களும் நாற்காலியிலேயே கிடந்தன. கையெழுத்து மேசைக்கு முன்னால் வரிசை என்று ஒன்று உருவாகவே இல்லை.

ஆர்னெட்டா அவளைத் தன் காரில் ஏற்றிவிட்டு, சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நான் கேட்டிருக்கக் கூடாது” என்றாள்.

“நீங்க கேக்கலன்னா நான் வீட்டுக்குப் போயி அவனுக்குச் சோறு போட்டிருப்பேன்.”

“எங்க போகணும்?”

வெர்னிட்டா கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். யோசிக்கவே இல்லை. நெஞ்சில் பாரம் ஏதாவது விழுந்தால் நாற்பது வருடமாகச் செய்கிற காரியம். அடிக்கடி கூப்பிடுகிறவர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. மேலே ரோஷெல். அதன் கீழே ஆல்ட்டன். அதற்கும் கீழே அவள் வேலை பார்க்கிற பல் மருத்துவமனை.

“யாருக்குடீ?” என்றாள் ஆர்னெட்டா.

“யாருக்கும் இல்ல” என்று சொல்லிவிட்டு, அந்த மூன்று பெயர்களையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.