தொட்டில் கம்பி

மருமகள் வெறும் தொட்டிலை ஆட்டுகிறாள் என்று உம்மா போனில் சொன்னபோதே ஷேக் ஃபரீதுக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதி உயிரோடு சவூதியின் தம்மாமில் லீவு வாங்கி, விமானம் ஏறி, பஸ் மாறி, விடியும் நேரத்தில் சங்கரன்கோவிலில் வந்து இறங்கினான். பூ மார்க்கெட் கூச்சல் எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

உம்மா ஷம்சாத் பேகம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"தினமும் விடியக்காலம சுபுஹு தொழுதுட்டு ஷாஹின் உள் ரூம்பச் சாத்திக்கிடுதா மக்கா. கிரீச் கிரீச்சுன்னு சத்தம். ஒருநா ஜன்னல் வழியா பாத்தேன். கம்பியில தொட்டில் சேலை ஆடுது. ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு, ஓடி வந்துட்டேன். வெள்ளிக்கிழமை தர்காவுல கொண்டு இருத்திருவோம்."

"அவகிட்ட கேட்டியளா?"

"பிள்ளையப் பறிகொடுத்தவகிட்ட எந்த வாயால கேக்க?"

தப்பு தன்னுடையது என்று ஃபரீத் நினைத்தான். பிறக்கும் முன்னே தொட்டிலுக்கு ஏற்பாடு செய்யக்கூடாது என்று வீட்டில் எல்லோரும் தடுத்தார்கள். இந்தத் துரை கேட்டால்தானே! லீவு முடியப்போகிற அவசரத்தில் இரண்டு சுவருக்கும் குறுக்கே தொட்டில் கம்பியாக இரும்புக் குழாயைப் பதித்து, சிமெண்டும் பூசிவிட்டுப் போனான். பிள்ளை ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வரவேயில்லை. அதன்பிறகு அந்தக் கம்பியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது அவனுக்குச் சுலபமாகவும் இருந்தது.

உள்ளே கிரீச் என்றது. ஃபரீத் மாடிப்படிக்கு அடியில் கிடந்த சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினான்.

தரைக்கு மேலே ஷாஹின் பானுவின் கால்கள் தொங்கின.

"யா அல்லாஹ்!" என்று அலறினான். உளி கீழே விழுந்தது. ஓடிப்போய்க் காலைப் பிடிக்கப் போனவன் அப்படியே நின்றான். கால்கள் மேலே போய்க்கொண்டிருந்தன. அவளது வலது கை கம்பியைப் பற்றியிருந்தது. இடது கை இடுப்பில் இருந்தது. ஒற்றைக் கையில் முழு உடம்பும் மெல்ல மெல்ல ஏறி, தாடை கம்பியைத் தாண்டியது. பிறகு அதே நிதானத்தில் இறங்கி, சத்தமில்லாமல் தரையில் நின்றாள்.

கதவோரம் வந்த உம்மா பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். தம்மாம் கேம்ப்பில் ஜிம்முக்குப் போகிற தடியன்கள்கூட இரண்டு கையாலும் திணறித்தான் ஃபரீத் பார்த்திருக்கிறான்.

"எப்ப வந்திய மச்சான்? சுத்தியல் எதுக்கு?"

"கம்பிய... எடுக்க."

"நானும் அதுக்குத்தான் மொதல்ல தொங்குனேன்" என்றாள். மூச்சு இன்னும் வாங்கியது. "பிடுங்கி எறியணும்னு ஆத்திரம். நீங்க பதிச்ச கம்பிலா, ஒரு ஓரம் காரைதான் உதுந்துச்சு. கை எரிஞ்சுது. ஆனா அந்த எரிச்சல்ல மத்தது கொஞ்ச நேரம் மறந்துச்சு. அதனால மறுநாளும் தொங்குனேன்."

தொங்கித் தொங்கிப் பிடி இறுகியது. பிறகு ஸ்டூலில் ஏறி, தாடையைக் கம்பிக்கு மேல் வைத்து மெதுவாக இறங்கப் பழகினாள். அப்புறம் இரண்டு கையால் ஏறினாள். ஒற்றைக் கைக்குப் போனபோதுதான் தொட்டில் சேலையைக் கம்பியில் கட்டினாள். ஒரு கை கம்பியில், துணைக்கு மறு கை சேலையில். வாரத்துக்கு வாரம் சேலையை இன்னும் கீழே பிடித்தாள். கீழே பிடிக்கப் பிடிக்க அந்தக் கையின் உதவி குறைந்தது.

"இன்னைக்குத்தான் சேலை இல்லாம ஏறுதேன்" என்று மூலையைக் காட்டினாள். அங்கே அது மடித்து வைக்கப்பட்டிருந்தது. "பிடுங்கணும்னா இப்ப பிடுங்கிருவேன் மச்சான். வேண்டாம்னு விட்டு வச்சிருக்கேன்."

ஃபரீத் சுத்தியலைக் கீழே வைத்தான். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே எம்பிக் கம்பியைப் பிடித்தான். ஒரு அங்குலம்கூட மேலே போக முடியவில்லை. உள்ளங்கை தீயாய் எரிந்தது. பிள்ளை போன செய்தி வந்த அன்று தம்மாமில் வராத அழுகை, அந்தரத்தில் தொங்கியபடியே வெடித்துக்கொண்டு வந்தது. விரல்கள் நழுவத் தொடங்கின.

ஷாஹின் அவன் இடுப்பைத் தாங்கிக்கொண்டாள்.

"விட்டுராதிய மச்சான். மொத நாள் அப்படித்தான் இருக்கும்."