எண்பத்தைந்து மில்லி ஆம்பியர்

ஞாயிற்றுக்கிழமை முழுதாக சார்ஜ் ஏற்றிய பேட்டரி வியாழக்கிழமைக்குள் வற்றிவிடுகிறது. சாவி என் கையில் இருக்கிறது, வண்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை, போர்ட்டிகோவை விட்டு அது ஓர் அடி நகரவில்லை. ஆனாலும் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் இது இரண்டாவது பேட்டரி. அம்மாமண்டபம் ரோட்டுப் பேட்டரிக் கடைக்காரர் அதை இரண்டு நாள் வைத்திருந்து சோதித்துவிட்டு, "பேட்டரி நல்லா இருக்கு டீச்சர், வண்டிதான் குடிக்குது" என்று திருப்பிக் கொடுத்தார். எட்டாம் வகுப்புக்கு மின்சாரம் நடத்துகிறவள் நான். எது குடிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

வண்டி என் கணவர் முருகானந்தத்துடையது. இத்தாலியில் செய்த மோட்டார் சைக்கிள், எண்ணூறு சிசி. பெங்களூரில் ஒருவரிடமிருந்து கைமாற்றி வாங்கி, ஸ்ரீரங்கம் வரை மழையில் ஓட்டிக்கொண்டு வந்தார். போன வருடம் ஆடி மாதத்தில், முசிறி போகிற வழியில், ஒரு வளைவில் சிந்திக்கிடந்த மணலில் சறுக்கி விழுந்தார். வண்டிக்கு ஒரு கண்ணாடியும் பிரேக் பெடலும் போயின. அவருக்குக் கழுத்தெலும்பு. தோளுக்குக் கீழே தொட்டால் தெரியாது. முழங்கை மடங்கும், விரல்கள் மூடாது. இடுப்பில் படுக்கைப் புண் வந்ததிலிருந்து வீல்சேரும் இல்லை. சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான் புரட்டிவிட வேண்டும்.

ஓட்ட ஆளில்லாத வண்டியை ஞாயிறுதோறும் நான் ஸ்டார்ட் செய்வதற்குக் காரணம் உண்டு. அதற்கு அந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் இரண்டே சிலிண்டர். ஒன்று முன்சக்கரத்தைப் பார்த்துப் படுத்திருக்கும், இன்னொன்று நிமிர்ந்து நிற்கும். இரண்டும் கிராங்க் என்கிற ஒரே சுழல்தண்டைத்தான் மிதிக்கின்றன, ஆனால் சம இடைவெளியில் மிதிப்பதில்லை. ஒன்று வெடித்து, கிராங்க் முக்கால் சுற்று சுற்றியதும் அடுத்தது வெடிக்கும். அதன்பிறகு ஒன்றேகால் சுற்றுக்கு ஒன்றுமே நடக்காது. ஆகவே இரண்டு தட்டு, ஒரு காத்திருப்பு, மறுபடி இரண்டு தட்டு. சும்மா நிற்கும்போதே நொடிக்குப் பத்து முறை இப்படி நடக்கிறது. காதால் எண்ண முடியாது; உடம்புக்கு மட்டும் அந்தச் சமமின்மை தெரியும். பின்சீட்டில் உட்கார்ந்து போன காலத்தில் எனக்கு அது முதுகுத்தண்டில் தெரிந்தது.

அவர் நண்பர் ஆசீர் அண்ணன் புத்தூரில் இருக்கிறார். வைத்திருப்பது ஜப்பான் வண்டி, வரிசையாக நான்கு சிலிண்டர். அரைச் சுற்றுக்கு ஒன்று தவறாமல் வெடிக்கும், ஒன்றின் உதறலை மற்றொன்று சரிக்கட்டிவிடும். மிஞ்சுவது ஒரு ரீங்காரம். அதில் ஏறினால் யாரோ சட்டையைப் பிடித்து முன்னால் இழுப்பதுபோல் இருக்கும். குதிரைத்திறனில் எங்கள் வண்டியைப்போல் இரண்டரை மடங்கு. விபத்துக்கு முன்பு அதைச் சொல்லாமல் அவர் எங்கள் வீட்டில் காபி குடித்ததில்லை. "மச்சான், என் வண்டில இருக்கற குதிரைல பாதிய உனக்கு அவுத்து விட்டாலும் உன்னால கட்டி மேய்க்க முடியாதுடா" என்பார். "அத்தன குதிரையயும் கட்டிக்கிட்டு நீ சத்திரம் பஸ் ஸ்டாண்டு சிக்னல்லதான நிக்கிற" என்பார் இவர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாவது மாதம், ஆசீர் அண்ணன் எதற்கோ எங்கள் வண்டியை போர்ட்டிகோவில் ஸ்டார்ட் செய்தார். உள்ளே இவர் என்னைக் கூப்பிட்டார். கட்டிலின் தலைமாட்டு இரும்புக் கம்பியில் நெற்றி பட்டுக்கொண்டிருந்தது. "மலரு, வருது" என்றார். என்ன வருகிறது என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது. எஞ்சினின் தட்டு ஸ்டாண்டில் இறங்கி, சிமெண்டுத் தரை வழியாக, சுவருக்கு இந்தப்பக்கம் கட்டில் காலில் ஏறி அவர் நெற்றிக்கு வந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் கட்டில் கால்களில் இருந்த ரப்பர் குப்பிகளைக் கழற்றச் சொன்னார். ரப்பர் அதிர்வைத் தின்றுவிடும், இரும்பு கடத்தும். அது சரிதான்; கழற்றியதும் கூடுதலாக வந்தது. ஆசீர் அண்ணன் விடாமல் தன் வண்டியையும் அதே இடத்தில் நிறுத்தி முறுக்கிப் பார்த்தார். இவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கிடந்தார்.

"காதுக்கு வருதுடா. கட்டிலுக்கு வரல."

ஆசீர் அண்ணன் அதன்பிறகு குதிரைக் கணக்குச் சொல்வதில்லை.

ஞாயிறு காலை பத்து நிமிடம். அதற்காக சனிக்கிழமையே சவரம் செய்துவிடச் சொல்வார். மற்ற ஆறு நாளும் அவர் சாப்பிடுவதும் பேசுவதும் அந்தப் பத்து நிமிடத்தின் செலவில்தான் என்று எனக்குத் தெரியும். அதையும் கெடுத்தவள் நான்தான். பேட்டரி வற்றுகிறதென்றால் எங்கோ மின்சாரம் கசிகிறது. ஏதாவது ஒயர் தேய்ந்து இரும்பில் உரசிக்கொண்டிருந்தால் ஒருநாள் பொறி பறக்கும். மேலே பெட்ரோல் டேங்க். ஜன்னலுக்கு இந்தப்பக்கம் எழுந்து ஓட முடியாத மனிதர், நான் பள்ளிக்கூடத்தில். உள்ளூர் மெக்கானிக்குகள் யாரும் அந்த வண்டியைத் தொட ஒப்புக்கொள்ளவில்லை. கனெக்‌ஷனைக் கழற்றி வைப்போம் என்றேன். வாரம் ஒருநாள் மாட்டும்போது பற்றினால் என்ன செய்வது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். கடைசியில் விற்றுவிடலாம் என்று ஆசீர் அண்ணனிடம் சொன்னேன். கரூரிலிருந்து ஒருவர் சனிக்கிழமை பதினோரு மணிக்கு லாரியோடு வருவதாக ஏற்பாடு. இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமையிலிருந்து இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை ராத்திரி புரட்டிப் போடும்போது, "ஸ்கூல் லேப்ல மீட்டர் இருக்கும்ல, நாளைக்கு எடுத்துட்டு வா. ஒரு தடவ பாத்துருவோம்" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போர்ட்டிகோவில் உட்கார்ந்தேன். கம்பிகளுக்கு அப்பால் அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது. அவரால் என் பக்கம் திரும்ப முடியாது. எதிர்ச்சுவரிடம் சொல்வதுபோல் சொன்னார், நான் செய்தேன். சீட்டைக் கழற்றினேன். பேட்டரியின் மைனஸ் ஒயரை அவிழ்த்து, ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். இப்படி வைத்தால் பேட்டரியிலிருந்து போவது எதுவானாலும் மீட்டருக்குள் புகுந்துதான் போக வேண்டும். எண்பத்தைந்து மில்லி ஆம்பியர். ஒன்றிரண்டு இருக்கலாம், கடிகாரத்துக்கு. எண்பத்தைந்து என்றால் ஒரு நாளைக்கு இரண்டு ஆம்பியர் மணி. பன்னிரண்டு ஆம்பியர் மணி பேட்டரி நாலாம் நாள் ஸ்டார்ட்டரைச் சுற்றாது. கணக்கு நேராக வந்தது. அவருடைய குரலில் பழைய துடிப்பு லேசாக ஏறியது.

அடுத்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொன்னார். எந்த ஃபியூஸைப் பிடுங்கும்போது மீட்டர் விழுகிறதோ அந்தப் பாதையில்தான் கசிவு. ஹெட்லைட், ஹாரன், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடிகாரத்துக்குரியது கழன்றபோது ஒன்று குறைந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் எண்பத்து நாலு.

எண்ணை அவர் ஒருமுறை திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, "அப்ப ஃபியூஸ் பாக்ஸுக்கு முன்னாடியே போவுது. எவனோ பேட்டரிலேருந்து நேரா லைன் இழுத்திருக்கான், மடையன். சீட்டுக்கு அடில பாரு, ஒல்லியா ஒரு ஒயர் போவும்" என்றார்.

பார்க்கத் தேவையில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. பின்பக்கத் தகட்டுக்கு உள்ளே, வண்டியின் கறுப்போடு கறுப்பாகத் தெரிய வேண்டும் என்று நானே சொல்லி ஒட்டவைத்த டேப். அதற்குள் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. இரண்டு வருடத்துக்கு முன்பு, அவர் வேலையாக ஒரு வாரம் ஒசூர் போயிருந்தபோது, தில்லைநகர் கடையிலிருந்து ஆளை வரவழைத்து வைத்தது. வண்டி எங்கே இருக்கிறது என்று என் போனில் ஒரு நீலப் புள்ளி காட்டும். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் பார்த்துக்கொள்வேன். அவர் தினமும் ஓட்டிய காலத்தில் அது குடித்ததை எஞ்சின் நிரப்பிக்கொண்டிருந்தது. விபத்துக்குப் பிறகு அதற்குள் இருந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்தினேன், செயலியையும் அழித்தேன். அதோடு பெட்டியும் செத்துவிட்டதென்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன மலரு, இருக்கா?"

"இருக்குங்க. நான் வெச்சதுதான்."

அந்தப் பிடரியைப் பார்த்துத்தான் சொன்னேன். பெட்டியைச் சொன்னேன், புள்ளியைச் சொன்னேன். அவர் விழுந்த அன்றைக்குப் புள்ளி குணசீலம் தாண்டி ஓரிடத்தில் நின்றதையும் சொன்னேன்.

"டீக்கடைல நிக்கிறீங்கன்னு நெனச்சேன். நாப்பது நிமிஷம் அப்படியே இருந்துச்சு. போன் பண்ணா, உங்கள நான் பாத்துக்கிட்டிருக்கறது தெரிஞ்சிருமேன்னு பண்ணல."

நாற்பது நிமிடம் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று டாக்டரிடம் நான் இதுவரை கேட்டதில்லை. அதை இவரும் இப்போது என்னிடம் கேட்கவில்லை. தெருவில் யாரோ ஸ்கூட்டரை ஏற்றி நிறுத்தும் சத்தம் கேட்டது. அவருடைய தோள் அசைந்தது. திரும்ப முயன்றிருக்க வேண்டும். உள்ளே போகலாம் என்று எழுந்தேன்.

"இரு, கைல மீட்டர் இருக்குல்ல, முடிச்சிரு" என்றார். குரல் தட்டையாக இருந்தது. "சிம்ல காசு இல்லன்னா அது தூங்காது மலரு. டவர் கெடைக்கலன்னு இன்னும் கூட கரண்ட் எடுத்துத் தேடும். தேடிக்கிட்டேதான் இருக்கும். அதான் எண்பத்தஞ்சு."

பெட்டிமேல் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தேன்.

"கட் பண்ணிரு."

சிவப்பு ஒயரை பேட்டரிக்குப் பக்கத்தில் வெட்டி, நுனியில் இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று சுற்றினேன். பிறகு கறுப்பையும் வெட்டிப் பெட்டியை வெளியே எடுத்தேன். ஃபியூஸ்களைத் திரும்ப மாட்டிவிட்டுப் பார்த்தபோது மீட்டர் ஒரு மில்லி ஆம்பியர் காட்டியது. ஒயர் எதுவும் தேயவில்லை; வண்டியை விற்க நான் சொன்ன காரணம் இனி இல்லை. இந்தக் கணக்குக்குப் பேட்டரி இரண்டு மாதம் தாராளமாக நிற்கும்.