கைப்பிடி காய எவ்வளவு நேரம்

1

இந்தக் கதை ஒரு பசை டப்பாவின் முதுகிலிருந்து கிடைத்தது: ‘குளிரில் இறுக அதிக நேரம் பிடிக்கும்.’ வேதியியலை இரண்டாம் ஆண்டிலேயே விட்டவன் நான். கிடங்கில் இரவு ஷிப்டுக்குப் படிக்க வேறொன்றும் இல்லை.

2

மூன்று நாட்களாக அந்த வீட்டில் மௌனம் ஒரு கனத்த —

(வேண்டாம். இரண்டு அறை வீட்டில் மௌனம் கனக்காது. குழாய் சொட்டுவது கேட்கும், அவ்வளவுதான்.)

அண்ணனும் தங்கையும் பேசி மூன்று நாளாகிறது. அவன் பஸ் ஓட்டுகிறான். அவள் படகுப் பட்டறையில் பசை கலப்பவள். வெளியூரில் வேலை கிடைத்து நாளைக் காலை கிளம்புகிறாள். ‘போகாதே’ என்று சொல்ல வாய் வராமல் அவன் அவளுடைய பெட்டியைப் பிடித்து இழுத்தான். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

3

இன்று மதியம், நல்ல குளிரில், அதை ஒட்ட உட்கார்ந்தான். பசையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் சரிபாதி என்கிறது டப்பா. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை இரண்டு மடங்கு ஊற்றினான். (இவனை இவ்வளவு முட்டாளாக்கலாமா என்று யோசித்தேன். நானும் செய்திருக்கிறேன். இருக்கட்டும்.)

மாலையிலும் கொழகொழவென்றே இருந்தது. அவள் அறை வாசலில் நின்று பார்த்தாள். பேசாமல் போய்விடலாம்.

[போனால் கதை இங்கேயே முடியும். பாடப்புத்தகம் இதைக் கிளர்வு ஆற்றல் என்கிறது: சேர வேண்டிய இரண்டும் பக்கத்திலேயே இருக்கும், நடுவிலிருக்கும் மேட்டை ஏறத் தெம்பு இருக்காது. சூடேற்றினால் ஏறுபவற்றின் எண்ணிக்கை கூடும்.]

“ஹார்டனர் எவ்வளவு ஊத்தின?”

“கொஞ்சம் தாராளமா.”

“ஒரு பஸ்ல ரெண்டு ஸ்டியரிங் வச்சா சீக்கிரம் போயிடுமா? அது ஜென்மத்துக்கும் இறுகாது. சரக்கு பத்தாம இல்லண்ணா, சூடு பத்தல. சுரண்டு.”

சுரண்டினார்கள். அவள் சரிபாதி கலந்து பூசினாள். அவன் ஹேர் டிரையரைப் பிடித்தான்.

“தள்ளிப் பிடி, பெட்டி உருகிடும்.”

“கை வலிக்குது.”

“இழுக்கும்போது வலிக்கலையா?”

அவன் டிரையரை இறக்கவில்லை. “வேலைக்கு எழுதிப் போட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லத்தான் வந்தேன். ரெண்டு ஞாயித்துக்கிழமையும் தூங்கிட்டே இருந்த.”

4

முடிவு இரண்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் கைப்பிடி நிற்கிறது. அவள் தானே இழுத்துக்கொண்டு போகிறாள். மற்றதில் தெருமுனையில் கழன்றுவிடுகிறது. அவன் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை கூடவே நடக்கிறான்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஆனால் கலவை சரி, சூடும் சரி. என் ஆசைக்காக நல்ல பசையைக் கெடுக்க முடியாது.

கைப்பிடி நின்றாலும் அவன் கூட நடக்கலாம் என்பது இப்போதுதான் தோன்றுகிறது. அதற்கு அவன் வாயைத் திறந்து கேட்க வேண்டும். டிரையர் இன்னும் ஓடுகிறது. இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்டனரை மட்டும் கூட்டாதீர்கள்.