பின்தங்கிய கரும்புள்ளி

குன்றின் உச்சியில் வெண்குடை கவிழ்த்தாற்போல் நின்ற ஆய்வுக்கூடத்தின்மீது, பல நாளாய் மூடிக்கிடந்த முகில் விலகி இளவெயில் படியத் தொடங்கிய காலைப்பொழுது அது, படிப்பவரே! தொலைநோக்கி வழியே இறங்கிய ஞாயிற்றின் உருவம் மேசைமேல் விரித்த தாளில் தட்டளவு வட்டமாய் ஒளிர, அதன் கரும்புள்ளிகளை நாள்தோறும் கரிக்கோலால் வரைந்துவைக்கும் பணிக்குரியவள் வெறித்த கண்ணளாய் அதன்முன் அமர்ந்திருந்தாள். ஒரே மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து ஓராண்டாயிற்று. அன்றுமுதல் உண்டாள், உறங்கினாள், ஒன்றையும் உணர்ந்தாளில்லை. கணவனோ தேறிவிட்டான், முகம் மழிக்கையில் சீழ்க்கையடிக்கவும் தொடங்கிவிட்டான். அதை அவளால் பொறுக்க முடியவில்லை. ஆயினும், மகளின் கட்டிலை இன்று நண்பகலில் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று அவன் கேட்டபோது, "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வரைந்து முடித்த தாளை உடன்பணியாற்றும் தோழி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, ரெண்டு புள்ளியும் ஒரே நேர்ல நிக்குது? பாக்காமலே வரைஞ்சீங்களா?"

ஆம், பார்க்கவேயில்லை. முகில் மூடுமுன் வரைந்த படத்தில், நடுப்பகுதியில் ஒன்றும் அதற்கு நேர்மேலே ஒன்றுமாய் நின்ற புள்ளிகளை, இடைப்பட்ட நாள்களைக் கணக்கிட்டு, இரண்டையும் ஒரே அளவு நகர்த்திவிட்டிருந்தாள். ஞாயிறு கல்லுருண்டையன்று, கொதிக்கும் வளியாதலின் அதன் இடுப்பு விரைந்து சுழல, முனைகளை நெருங்க நெருங்கச் சுழற்சி பிந்தும் என்று பிறர்க்கெல்லாம் விளக்கியவளே அவள்தான்.

இப்பொழுது குனிந்து பார்த்தாள். கீழ்ப்புள்ளி நெடுந்தொலைவு சென்றிருந்தது. மேற்புள்ளி, நின்றுவிடாமல், ஆனால் நன்றாகப் பின்தங்கி, தன்போக்கில் வந்துகொண்டிருந்தது. நெடுநேரம் அதையே நோக்கியிருந்தவள், வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தாள்.

"கட்டில் போயிடுச்சா?"

"இல்ல" என்றான் கணவன். "ஒரு திருகாணியைக் கழட்டினேன். அதுக்கு மேல கை வரல. அதுலயேதான் உக்காந்திருக்கேன்."

"இருக்கட்டும். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும்."

"எனக்கும்தான்" என்றான் அவன்.

ஒரே துயரைச் சுற்றி வருவோர் ஒரே விரைவில் வரவேண்டும் என்று விதித்தவர் எவருமிலர். முந்திச் செல்பவனாய்த் தோன்றுபவனும் எங்கோ ஓரிடத்தில் கையோய்ந்து அமர்ந்திருக்கக்கூடும். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆனால், ஓராண்டுக்குப் பின் அன்று அவளுக்குப் பசித்தது.