மாப்பிள்ளையின் ஆள் தோற்க வேண்டும்

கனடா தேசத்தின் அடுத்த பிரதமர் யார் என்ற கவலையில் சோறு இறங்காமல் தவித்த மனிதர் 1968-இல் திருச்சி ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். காட்டூரில் குடியிருந்த ரிட்டயர்டு சரித்திர வாத்தியார் ஸ்தனிஸ்லாஸ். மனுஷனுக்கு அரசியல் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பைத்தியம் என்னவோ உண்மைதான். ஆனால் அது அரசியல்மேல் இல்லை.

மனைவி போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகள் இருதயமேரி நர்ஸ் வேலைக்கு மான்ட்ரியல் போனவள், அங்கேயே லூசியன் என்ற பிரெஞ்சு பேசுகிறவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு பெண் குழந்தையும் பிறந்து எட்டு மாதம். வாத்தியார் மருமகனைப் பார்த்ததில்லை. பேத்தியைப் போட்டோவில் பார்த்ததோடு சரி.

ஆரம்பத்தில் அவர் மனதில் இருந்ததை அப்படியே மகளுக்கு எழுதினார். வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது, ஒற்றை ஆளுக்கு உலை வைக்க அலுப்பாக இருக்கிறது, சில நாள் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடுகிறது என்றெல்லாம். இப்படி எழுதினால் பதில் வர இரண்டு மாதம் ஆகும். அதுவும் ஒரே பக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இங்கே பனி அதிகம், அவ்வளவுதான். மகள் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. அந்தக் கடிதங்களுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

1967 தேர்தலில் தமிழைச் சொல்லி ஓட்டுக் கேட்ட கட்சி, டெல்லியில் ஆண்ட கட்சியை இங்கே வீட்டுக்கு அனுப்பியது. எழுத வேறு சேதி இல்லாததால் வாத்தியார் அதைப் பற்றி நாலு பக்கம் எழுதிப் போட்டார். இருபதாம் நாள் தடியாக ஒரு கவர் வந்து விழுந்தது. லூசியனின் க்யூபெக் மாகாணத்தில் பேச்சு பிரெஞ்சு, நாட்டின் மற்ற பக்கமெல்லாம் இங்கிலீஷ். கடை முதலாளிகளெல்லாம் இங்கிலீஷ்காரர்கள், சொந்த ஊரிலேயே தன் பாஷையில் ஒரு ஜோடி செருப்பு கேட்டு வாங்க முடியவில்லை என்று புழுங்குகிறவன் அவன். மாமனாரின் கடிதத்தை மனைவியை வரிவரியாகப் பிரெஞ்சில் சொல்லச் சொல்லிக் கேட்டானாம். இதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள், அவருக்குத் தெரிய வேண்டுமாம் என்று மகள் எழுதியிருந்தாள்.

வாத்தியார் ஒன்றும் செய்யவில்லை. ஓட்டைக்கூட வழக்கம்போல டெல்லிக் கட்சியின் இரட்டைக் காளைக்குப் போட்டுவிட்டு வந்தவர் அவர். ஆனால் இருபது நாளில் இன்னொரு கவர் வேண்டுமே. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த பெரியண்ணனைப் பிடித்தார். ஜெயித்த கட்சியின் கிளைக்காரர் அவர், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவரை டீக்கடையில் நிறுத்தி, ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசிய கதை, கொள்ளிடத்து மணலில் கூட்டம் போட்ட கதை, மருங்காபுரிப் பக்கம் காய்ந்த செம்மண்ணில் ஊர் ஊராக நடந்த கதை எல்லாவற்றையும் கறந்தார். கடிதத்தில் தார்ச்சட்டி வாத்தியார் கையில் இருந்தது. பொய் சொன்ன வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், தபால்காரர் சைக்கிள் வாசலில் நிற்கும்போது அதெல்லாம் மறந்துபோகும்.

1968 ஜனவரியில் வந்த கவரில்தான் வினையும் வந்தது. கனடாவில் ஆளும் கட்சியின் தலைவர், பிரதமரும் அவரே, விலகப் போகிறாராம். ஏப்ரலில் கட்சிக்காரர்கள் ஒட்டாவாவில் கூடி ஓட்டுப் போட்டுப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள், அவரே பிரதமர். போட்டியிடும் மந்திரி ஒருவருக்கு லூசியன் பேச்சு எழுதிக் கொடுக்கிறான். மந்திரி ஜெயித்தால் அவனுக்கு ஒட்டாவாவில் உத்தியோகம், இப்போதைக்கு நகர முடியாது. தோற்றால் குழந்தையோடு மூன்று பேரும் ஜூனில் திருச்சிக்கு வந்து மூன்று மாதம் இருப்பார்கள்.

ஆக, முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் தோற்க வேண்டும் என்று வாத்தியார் தினமும் பூசைக்குப் போனார். பெரியண்ணன் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்.

"உள்ளதைச் சொல்லுங்க சார். மாப்பிள்ளையோட ஆளு தோக்கணும்னு மாதாகிட்ட வேண்டியிருக்கீங்களா?"

"தோத்தாத்தான் பேத்தியைப் பாக்க முடியும், பெரியண்ணன். நான் என்ன செய்ய?"

பெரியண்ணன் சிரிக்கவில்லை. தோத்துருவாரு சார், கவலைப்படாதீங்க என்று சொல்லி டீயை முடித்துக்கொண்டு எழுந்தார்.

ஒட்டாவாவில் ஓட்டு நடந்த வாரம் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் தலைவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பேப்பர் முழுக்க அதுதான். கனடாவைப் பற்றி ஒரு வரி இல்லை. குருத்து ஞாயிறு பவனியில் ஓலையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போதும் வாத்தியாருக்கு ஒட்டாவா நினைப்புதான். மறுநாள் உள்பக்கத்தின் மூலையில் நாலு வரி வந்தது. நாலு சுற்று ஓட்டுக்குப் பிறகு புதுத் தலைவர் தேர்வு. மருமகனின் மந்திரி இல்லை. வாத்தியாருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

வீட்டுக்கு வெள்ளையடித்தார். பெரிய கடைவீதிக்குப் போய்க் கொசுவலை வாங்கினார், சின்னதாக ஒரு தொட்டிலும் வாங்கினார். பேத்தி வருவதைப் பால்காரி வேலம்மாளிடம் தினம் ஒரு தடவை சொன்னார். அவளும் புதிதாகக் கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டாள்.

மே மாதம் கடிதம் வந்தது.

"அப்பா, இவர் கட்சியை விட்டுவிட்டார். புதுத் தலைவரும் பிரெஞ்சு பேசும் எங்கள் ஊர்க்காரர்தான். ஆனால் க்யூபெக்குக்கென்று தனியாக எதுவும் கிடையாது என்கிறார். இவருக்குத் தாங்கவில்லை. மாகாணத்துக்கென்றே தனிக்கட்சி வேண்டும் என்கிறவர்களோடு சேர்ந்துவிட்டார். உங்கள் கடிதங்களை நான் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்கிறேன், கூட்டங்களில் படித்துக் காட்டுகிறார். மதராசில் ஒரு வாத்தியார் தார்ச்சட்டி தூக்கியபோது நாம் சும்மா இருப்பதா என்று கேட்கிறார். இந்த வருஷம் வர முடியாது அப்பா. அடுத்த வருஷமும் சந்தேகம். கிராமங்களில் ஆள் சேர்த்தது எப்படி என்று விவரமாக எழுதுங்கள். அதற்குத்தான் இவர் காத்துக்கொண்டிருக்கிறார்."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது வாத்தியாருக்குப் புரிந்தது. வெகுநேரம் காலித் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது, அழுதார். கேட்க யாரும் இல்லாததால் அடக்கவும் இல்லை.

பிறகு காகிதத்தை எடுத்து உண்மையை எழுதினார். தாரும் பூசவில்லை, கூட்டமும் போடவில்லை, ஜெயித்த கட்சிக்கு ஓட்டுக்கூடப் போடவில்லை. நான் தனியாக இருக்கிறேன் அம்மா, ஒரு தடவை வந்து குழந்தையைக் காட்டிவிட்டுப் போங்கள். ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. எழுதியதைப் படித்துப் பார்த்தார். இதற்கு என்ன பதில் வரும், எப்போது வரும் என்று அவருக்குத் தெரியும்.

காகிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். பெரியண்ணன் வரும்வரை காத்திருந்து, கிராமத்தில் ஆள் சேர்ப்பது எப்படி என்று கேட்டார். அவர் சந்தோஷமாக ஒரு மணி நேரம் சொன்னார். போகும்போது, பேத்தி என்னிக்கு சார் வருது என்று விசாரித்தார். ஜூன்ல என்றார் வாத்தியார்.

வீட்டுக்கு வந்து பன்னிரண்டு பக்கம் எழுதி மறுநாள் காலையிலேயே தபாலில் சேர்த்தார். இருபது நாளில் பதில் வந்துவிடும்.